மிதக்கிற கல்

ஏழு கிணற்றுக்கும் ஒரே டிக்கெட்.
கன்னியாவில் அதைக் கிழித்துக் கொடுப்பது நான்.
ஒன்றில் கை வைக்கலாம், ஒன்றில் வைத்தவுடன் எடுத்துவிடுவீர்கள்.
கீழே என்ன எரியுது என்று கேட்பவர்களுக்கு
"வாளி அந்தப் பக்கம்" என்பேன்.

கொட்பேயில் இருந்து போன போட்
"இஞ்சின் சூடாகுது" என்றது வயர்லெஸ்ஸில்.
பிறகு ஒன்றுமில்லை.
அன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

பத்தாம் நாள் நேவிக்காரர் வந்து
விமலேந்திரனின் படம் கேட்டார்கள்.
கல்யாணப் படத்தில் என்னைப் பின்பக்கம் மடித்துக் கொடுத்தேன்.

இருபதாம் நாள் அவருடைய அண்ணன்
கூண்டுக்கு வெளியே வெயிலில் நின்று சொன்னார்:
"முப்பத்தொண்டை இங்கேயே செய்யலாம் பிள்ளை,
எல்லாரும் இங்கதானே வருகினம்,
உனக்கு லீவும் தேவையில்லை."
அவருக்கும் ஒரு டிக்கெட் கிழித்தேன்.
மிச்சக் காசு கொடுக்கவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் வந்தார்.
ஸ்கிப்பர் நிஹால், கிண்ணியா சப்ரி, இவர்,
மூன்று பேருக்கும் இந்தியக் கப்பல் கொடுத்த
ஒரே நிற டீசேர்ட்.
இவருக்கு அது இரண்டு பேரின் அளவு.

தீவைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்தான்.
இரவில் கிழக்கே வானத்தின் அடி சிவந்ததாம்.
கப்பல் என்று சப்ரி சட்டையைக் கழற்றி வீசினானாம்.
இரண்டு இரவு அது வரவுமில்லை, போகவுமில்லை.
மூன்றாம் நாள் விடிய, மலை.
கறுப்பு. உச்சியில் புகை.
ஒரு குடிசை இல்லை, ஒரு விளக்கு இல்லை,
சரிவில் ஆடுகள்.

"ஆடா?"
"ஆடுதான். மேஞ்சுகொண்டு நிண்டது."

அலை கிட்ட விடவில்லை.
சப்ரி ஓதினான், நிஹால் யாரோடும் கதைக்கவில்லை.
இவர் இஞ்சினைக் கழற்றினார், பூட்டினார், கழற்றினார்.
கிரீஸில் சாம்பல் விழுந்து ஒட்டியது.
"பயமில்லையா?"
நெடுநேரம் சோற்றைப் பிசைந்துவிட்டுச் சொன்னார்:
"அது எரிஞ்ச மட்டும்
நாங்கள் எங்க நிக்கிறம் எண்டு தெரிஞ்சது.
தூரப் போனாப் பிறகுதான் பயம்."

கடலில் மிதந்த கல் ஒன்றை அள்ளி வந்திருந்தார்,
சாம்பல் நிறம், பாண் மாதிரி ஓட்டை ஓட்டையாய்.
பேசினில் போட்டேன். மிதந்தது.
அமுக்கினேன். மேலே வந்தது.
இராமர் அணைக் கல் என்று கும்பிட்டார் அண்ணன்,
சாமித் தட்டில் வை என்றார்.
அவர் போனதும் குதிக்காலைத் தேய்த்துப் பார்த்தேன்.
நல்ல கல்.

நேற்று முப்பத்தொன்று.
சொல்லாமல் கொள்ளாமல் கன்னியாவுக்கு வந்து
வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்.
எனக்குத் தெரியாத ஆள் போல.
ஆறு கிணற்றிலும் அள்ளி ஊற்றினார்.
ஏழாவதில் வாளியை இறக்காமல்
குனிந்து பார்த்தபடியே நின்றார்.
பின்னால் மொட்டை அடித்த ஒரு பையன்,
தகப்பனுக்குச் செய்ய வந்தவன்,
சத்தம் போடாமல் காத்திருந்தான்.

கூண்டைப் பூட்டிவிட்டுப் போனேன்.
வாளியை வாங்கி அள்ளி
முதுகில் ஊற்றினேன். ஆவி பறந்தது.
"சூடு கூடவா?"

"காணாது" என்றார்.