என்னைக் கழித்த பிறகு

உள்ளே போகுமுன் கையுறை ஒன்றின்மேல் ஒன்று,
முகமூடி, வெள்ளை அங்கி.
ஒரு தும்மல் போதும்
ஆயிரத்து முந்நூறு வருஷம் பின்னால்
நான் போய் உட்கார்ந்துகொள்ள.

திஸா ஆற்றங்கரையில்
சாலை போடச் சூரியகாந்தி வயலை வெட்டியபோது
கிடைத்த குழிகள், நூற்றுப் பதினொன்று.
எங்களுக்கு வேண்டியது காதுக்குள் இருக்கும் எலும்பு,
உடம்பிலேயே கெட்டி அதுதான்.
குளம்படிச் சத்தம் முதலில் போய்ச் சேர்ந்த இடம்.
துளைத்தால் பல்மருத்துவரிடம் அடிக்கும் அதே வாடை.
ஐம்பது மில்லிகிராம் தூள்.
ஊதினால் ஓர் ஆள் போச்சு.

பார்னாபாஷ் திரையில் கோடு இழுக்கிறான்:
அப்பன், மகன், அவன் மகன்,
அண்ணனுக்கும் தம்பிக்கும் பிள்ளை பெற்ற ஒருத்தி,
மறுபடி அப்பன், மறுபடி மகன்.
ஆறு தலைமுறை.
பெண்களெல்லாம் எங்கிருந்தோ வந்தவர்கள்.
இங்கே பிறந்த மகள்களில்
பால்பல் விழாதவர்கள் மட்டும் இருக்கிறார்கள்,
கழுத்தில் கண்ணாடி மணியோடு.
பிழைத்தவள் ஒருத்திகூட இல்லை.

‘காணவில்லை’ என்று குறித்தான்.
‘புகுந்த வீட்டில் தேடு’ என்றேன்.

மார்ச் கடைசியில் அகப்பட்டாள்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம், அறுபது கிலோமீட்டர் தள்ளி
வேறொரு இடுகாடு, முப்பத்தேழாம் குழி.
எங்கள் எண்பத்திரண்டாம் குழிக்காரனின் மகள்.
வயது நாற்பதை ஒட்டி.
பக்கத்தில் அவள் பெற்ற இரண்டு பேர்.
குதிரையென்றால் இரண்டு நாள் வழி.
ஒருமுறையாவது வந்து போனாளா
என்பதை எழுதி வைக்க
எலும்பில் இடமில்லை.

கைதட்டினோம். யாரோ சூடாகப் பொகாச்சா வாங்கி வந்தார்கள்.

அதே வாரம் வெற்றுக்குழாயில்
(எலும்பே போடாமல் கூடவே ஓடவிடும் சாட்சிக் குழாய்,
அதில் யாரும் இருக்கக் கூடாது)
ஒரு பெண் இருந்தாள்.

நான்தான்.
மணிக்கட்டில் கையுறை விலகியிருக்கும்.
இங்கே வேலை பார்க்கும் எல்லோரையும் போல
என் வரிசையும் பெட்டகத்தில் உண்டு.
என்னைக் கழித்துவிட்டுத்தான்
அவர்களை எண்ணுகிறார்கள்.

படிவத்தில் எழுதினேன்:
மாசு. காரணம், ஷாரோல்தா கெரெக்கெஷ்.
பிறந்த ஊர் எது, எந்த ஊருக்கு வந்தாய்
என்றெல்லாம் அது கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
மலைக்கு அப்பால், ருமேனியாவில், ஒரு ரயில் நிலையத்தின்
பெயரைச் சொல்லியிருப்பேன். அப்பா அங்கேதான் கிடக்கிறார்.

கொட்டுமுன் குழாயை
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.

வெறும் தண்ணீர்.