கொருக்குப்பேட்டை, நான்காம் கிடங்கு

வேண்டுமென்றேதான் இங்கே வைத்திருக்கிறோம்.
குளிர்சாதனம் கிடையாது. ஜன்னல் முழுசாய் மூடாது.
உப்புக்காற்று, கூட்ஸ் வண்டியின் இரும்புத்தூள்,
மணலிப் பக்கமிருந்து வரும் வாடை
எல்லாம் கோணிக்குள் போய்வரட்டும் என்று
பண்ணையிலிருந்து எழுதியிருந்தார்கள்.

நாற்பத்திரண்டு நிலக்கடலை ரகங்கள்.
ஆடியில் வந்தவை, இப்போது சித்திரை.
ரகத்துக்கு நூறு பருப்பு எண்ணி
ஈரத்தாளில் சுருட்டி நிறுத்துகிறாள் டெல்பினா.
பத்தாம் நாள் பிரிக்கிறாள்.
பதினேழு.
ஒன்பது.
பச்சைப் பூஞ்சணம்.
முளைக்காததை நசுக்கி மோந்து பார்த்து,
"சிக்கு அடிக்குது, எழுதிக்க."

வயலில் கொத்துக்கொத்தாய்க் காய்த்து
காலண்டரில் படம் ஏறிய ரகத்துக்கு
நான் போட்டது சுழி.

இருபத்தொன்பதாம் எண்
யாருக்கும் பிடித்ததில்லை.
இடுப்பு ஒடுங்கிய காய்,
தோல் வெளிறிய சின்னப் பருப்பு.
கார்த்திகைப் புயலில் கூரை ஒழுகியதும்
அந்தக் கோணியை ஒட்டித்தான்;
அதைக் குறிக்கப் பதிவேட்டில் கட்டம் இல்லை.
ஓரத்தில் கிறுக்கி வைத்தேன்.

தாளை விரித்தவள் பேசவில்லை.
வெள்ளை வேர்கள்
ஒன்றையொன்று பின்னிக் கிடந்தன.
எண்பத்தொன்று என்றாள்.
நம்பாமல், மறுபடி எண்ணு என்றேன்.

எண்ணினாள்.
எண்பத்திரண்டு.
மடங்கிக் கிடந்த ஒன்று
நாங்கள் வாதாடிய நேரத்தில்
தலை தூக்கியிருந்தது.