பதினேழாம் மூட்டை

ராட்டர்டாமில் ஒருவர் மிளகாயை அரைத்துப் பார்த்து
பூஞ்சை நஞ்சு என்று எழுதினார்.
தேவகோட்டையில் என் திரை
இரண்டு நொடியில் சிவந்தது.

முன்பெல்லாம் யார் சரக்கென்று தேட
ஒரு மாதமாகும்,
அதற்குள் எல்லோருக்கும் மறந்துவிடும்.
பிளாக்செயின் மறக்காது.
கன்டெய்னர், தூத்துக்குடி, லாரி, எங்கள் கிடங்கு,
பதினேழாம் மூட்டை,
சவரியம்மாள், முதுகுளத்தூர்ப் பக்கம்,
ஒன்றேகால் ஏக்கர் குண்டு மிளகாய்,
அட்சரேகை, தீர்க்கரேகை,
கட்டைவிரல் ரேகை.

அங்கே போய் நின்றது சங்கிலி.

"பாத்தியா, என்ன தெளிவு" என்றார் சாத்தப்பன்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு
அந்தம்மா பேருக்கு நேரே
கொள்முதல் நிறுத்தம் எனப் பதியச் சொன்னார்.

எங்கள் கிடங்கு ஒரு வாடகை வீடு.
சொந்தக்காரர்கள் சிங்கப்பூரில்.
முகப்பில் கணினி,
வளவு வாசலைச் சுற்றிய பத்தியில் மூட்டைகள்,
நடுவே வானம்.
சித்திரையில் திடீரென்று மழை. லாரி வரவில்லை.
நான்கு ராத்திரி.
தேக்குத் தூண்களுக்குத் தார்ப்பாய் சுற்றினோம்,
வாடகை ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறது.
மூட்டைக்குப் பத்தவில்லை.

படிவத்தில் எடை உண்டு, நிறம் உண்டு.
மழை எங்கே பெய்தது என்பதற்குக் கட்டமில்லை.
அந்தம்மா இறக்கிய அன்று ஈரப்பதம் பத்து,
அளந்தது நான்.
ஏற்றிய அன்றும் பத்து,
அளக்காமல் போட்டதும் நான்.
இரண்டும் அழியாமல் இருக்கின்றன
என் பேரோடு.

கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
யாரும் நிரப்பாதது.
நான்கு ராத்திரியையும் அதில் தட்டினேன்,
தார்ப்பாயை, இரண்டாவது பத்தை.
பதியவா என்றது.
பிறகு மாற்ற இயலாது என்றது.
கை வேர்த்து மௌஸ் வழுக்கியது.

மறுநாள் மத்தியானம் வரை சாத்தப்பன் பேசவில்லை.
பிறகு,
"அழிக்க வழியே இல்லையா?"
"இல்லண்ணே.
அதுக்குத்தானே காசு கொடுத்து வாங்கினோம்."

பங்குனியில் சவரியம்மாள் மூட்டையோடு இறங்கினார்.
திரையைப் பார்க்கவில்லை.
அண்ணாந்து,
வளவுக்கு மேல் புதிதாய்ப் போட்ட தகரத்தைப் பார்த்தார்.
"இந்தத் தடவ எங்க வைப்ப?"

காட்டினேன்.
போய்க் குனிந்து
தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்து,
சேலையில் துடைத்து,
அப்புறம்தான் கருவியில் விரலை வைத்தார்.