மூன்று நீண்ட பீப்

சாந்தியாகோவிலிருந்து பதினோரு நாள் வந்தது
சீப்பளவு பச்சைத் தகடு.
எட்டு ஜிபி.
புந்தா அரேனாஸ் துறைமுகம், நண்டு எடைபோடும் கொட்டகை.
கையெழுத்து வாங்கிய தபால்காரன்
தங்கமா, இவ்வளவு பஞ்சு சுற்றியிருக்கிறதே என்றான்.
விளிம்பில் கொஞ்சம், என்றேன்.

நாலு ஜிபியோடு ஆறு வருஷம் மல்லுக்கட்டியவள் நான்.
ஒரு ரசீது வெளியே வருவதற்குள்
ஒரு குவளை மாத்தே ஆறிவிடும்.
வரிசையில் நிற்கும் மாலுமிகள்
என் முதுகைப் பார்த்தபடி
என் குடும்ப வரலாறு முழுவதையும் பேசி முடிப்பார்கள்.

ஓவிதியோ பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார்.
உள்ளே தூசி, உப்புப் பூத்த திருகுகள்,
ஒரு நண்டுக்காலின் நுனி.
அது எப்படி அங்கே போனதென்று
இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பழையதன் பக்கத்தில் புதியதைச் செருகி
பொத்தானை அமுக்கினேன்.
விசிறி சுற்றியது. திரை கறுப்பு.
பீப்.
பீப்.
பீப்.
மூன்றும் நீளம். பிறகு
மாடி ஏறியவர் மூச்சு வாங்குவதுபோல ஓர் இடைவெளி.
மறுபடி மூன்று.

நாலு மணிக்குப் படகுகள் வரும்.
இப்போது ஒன்றே கால்.

பென்சில் முனை ரப்பரால்
தங்கப் பற்களைத் தேய்த்தோம்.
இடம் மாற்றினோம்: நீலத்திலிருந்து கறுப்பு,
கறுப்பிலிருந்து நீலம்.
“இன்னும் அழுத்து, யாஸ்னா.”
“போர்டு வளைகிறது.”
“வளையட்டும். இரண்டு காதும் டக்கென்று கவ்வ வேண்டும்.”
நண்டு ஓட்டைக் கட்டைவிரலால் பிளக்கிற கை இது,
அங்கே போய் நடுங்கியது.
டக். டக்.
பீப், பீப், பீப்.

காசு மாதிரி இருந்த பேட்டரியைப் பிடுங்கி
ஜன்னல் விளிம்பில் வைத்தார் ஓவிதியோ.
பத்து நிமிஷம் எல்லாவற்றையும் மறக்கட்டும் என்றார்.
வெளியே காற்று
தகரக் கூரையின் ஒரே ஆணியைத் திரும்பத் திரும்ப ஆட்டியது.
இணையம் காலையிலேயே விழுந்துவிட்டது;
விற்ற கடையைத் திட்டக்கூட வழியில்லை.

பேட்டரியைத் திரும்பப் போட்டு
பழையதைத் தனியே வைத்தோம்: ஓடியது.
புதியதைத் தனியே: அதுவும் ஓடியது.
சேர்த்து வைத்தால்தான் ஓலம்.

“பாராதிச் சகோதரர்கள் மாதிரி,” என்றேன்.
ஒரே கரையில் இரண்டு படகு கட்டுகிறார்கள்,
தனித்தனியே தங்கமான மனிதர்கள்,
ஒரே தராசில் நிறுத்தினால் போலீஸ் வரவேண்டும்.

ஓவிதியோ சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
பழைய ஸ்டிக்கரைப் படித்தார்: 1333.
புதியது: 1600.
“சண்டை இல்லை இது. நடை.”

வின்ச் கயிறு அவர் இடது முழங்காலை வாங்கி எட்டு வருஷம்.
பாலத்துக்குப் போகையில் எப்போதும்
பத்தடி முன்னால் போய் நிற்பேன்,
நின்று காத்திருப்பதே மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

பழையதை மட்டும் வைத்து
நீலத் திரைக்குள் நுழைந்தோம்.
தானியங்கி என்றிருந்ததைத் தட்டி
1333 என்று கட்டிப்போட்டேன்.
சேமி. ஆம். நிச்சயமாக ஆம்.
அணைத்து, பக்கத்தில் புதியதைச் செருகி,
பொத்தான்.

ஒரே ஒரு பீப். குட்டையாக,
கடைக்காரன் ‘சரி’ என்பதுபோல.

பன்னிரண்டு, என்று காட்டியது திரை.
நான் எழுந்து நின்றுவிட்டேன்.
அவர் திருகுகளை எண்ணிக்கொண்டிருந்தார்;
ஒன்று மிஞ்சியது, அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாலு பத்துக்கு முதல் படகு.
முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ,
எல்லாம் ஆண் நண்டு, எல்லாம் அளவுக்கு மேல்.
ரசீது பறந்து வந்தது,
மாத்தேவில் ஆவி இன்னும் இருந்தது.
வரிசை பேச்சை மறந்து வாய் பார்த்தது.

கேப்டன் எலியேசர் காகிதத்தைத் தூரப் பிடித்தார்,
கிட்டே பிடித்தார்.
“ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பதினொன்று.
அம்மா, அப்போது எனக்குப் படகே கிடையாதே.”

பேட்டரி! தேதியை யாரும் திருத்தவில்லை.

“நண்டு?” என்று கேட்டார் ஓவிதியோ.
“நண்டு இன்றையதுதான்,” என்றார் கேப்டன்,
கூடைக்குள் ஏதோ நகர்ந்து அதை உறுதிசெய்தது.