கூசு

அப்புத்தளை விடுதியில்
அறைகளுக்கு நான்தான் பொறுப்பு.
முதலாளி கண்டிப்பு:
விருந்தாளி காதில் 'வாஷ்ரூம்' மட்டுமே விழவேண்டும்.

அன்று மழை. நாலாம் அறையில் தண்ணீர் இறங்கவில்லை.
மாடியிலிருந்து கத்திவிட்டேன்:
"மருதவீரா, கக்கூசு அடைச்சிக்கிச்சு, கம்பியோட வா!"

கீழே ரொட்டி தின்றுகொண்டிருந்த ஃபெம்கே
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.
கண்ணில் நீர் வரும்வரை.
ஒல்லாந்துக்காரர்; ஊரில் டிராம் ஓட்டியவராம்.
அது எங்கள் சொல், என்றார்,
கப்பலில் வந்தவர்கள் விட்டுப்போனது.
இப்போது அங்கே யாரும் சொல்வதில்லை,
சொன்னால் அம்மா அடிப்பாள்.
முன்பாதி மட்டும் எப்படியோ மேட்டுத் தெருவுக்கு ஏறிவிட்டது,
பணக்காரப் பிள்ளைகளை
அதைச் சொல்லித்தான் கிண்டல் செய்கிறார்கள்.

பின்பாதி? என்றேன்.

மேசைவிரிப்பில் விரலால் எழுதிக் காட்டினார்.
வாய்க்குள் காற்றை உருட்டிச் சொன்னார், பிடிபடவில்லை.
பிறகு கூரை போல இரு கையையும் சேர்த்தார்.
வீடு.

நான் அதைக் 'கூசு' என்று கேட்டு வளர்ந்தவன்.
கூசத்தான் கூசினோம்.
பன்னிரண்டு காம்பிராவுக்கு ஒரு தகரக் கதவு,
கொக்கி கிடையாது.
உள்ளே இருப்பவர் இருமவேண்டும்,
வருபவரும் இருமவேண்டும்.
யோகமலரை நான் முதலில் அறிந்ததே
ஒரு இருமலாகத்தான்.

லயம் இருந்தது. காம்பிரா இருந்தது.
கடிதம் வந்தால் தோட்டத்தின் பேரும் துரையின் பேரும் இருந்தன.
கணக்கெடுக்க வந்த பொடியன்
வீடு என்ற கட்டத்தில் கோடு கிழித்தான்.
கக்கூசு என்ற கட்டத்தில்
ஒன்று, பொது, என்று எழுதினான்.
ஏழு பேர்ச்சஸ் தருவதாகச் சொன்ன கடுதாசி
யோகமலரின் தலையணைக்கடியில்
இன்னும் உறையோடு இருக்கிறது.

கோட்டுக்குக் கீழேயே, அடுத்த வரியிலேயே
இருந்திருக்கிறது வீடு,
மலத்துக்குப் பின்னால் ஒதுங்கி.
பொடியன் பார்க்கவில்லை.
தினமும் வாளியோடு போய்வந்த நானும்தான்.

மருதவீரன் கம்பியோடு வந்து நின்றான், தலை நனைந்து.
"எங்கண்ணே அடைப்பு?"
புதுச் சொல் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது.
முதலாளி படியேறிக்கொண்டிருந்தார்.

"வாஷ்ரூம்ல" என்றேன்.
வாய் கூசியது.