பாதி வாய், பாதி காது

பூசான் ரயில் நிலைய வாசலில் தூறல்.
வரிசையில் முதலில் நின்ற டாக்ஸியின்
பின்கதவைத் திறந்து பேட்டையின் பெயரைச் சொன்னேன்.
மூன்று மாதமாய்க் குளியலறைக் கண்ணாடியிடம்
சொல்லிப் பழகிய பெயர்:
தேயொன்.

ஓட்டுநர் தலையசைத்தார்.
மீட்டர்ப் பெட்டிக்குள் குட்டியாய் ஒரு பச்சைக் குதிரை
ஓடத் தொடங்கியது.

சியோலில் பகல் முழுக்கச் சிப்பிகளைப் பற்றி
ஆங்கிலத்தில் பேசிக் களைத்த வாய்
திறந்தபடியே தூங்கிப்போனது.

விழித்தால் நீளமாய்ப் பாலம்,
கீழே அகலமாய், கறுப்பாய் ஆறு.
என் அறைக்குப் போகிற வழியில்
ஆறு கிடையாது.

பிறகு பிளாஸ்டிக் குடில்கள்,
கவிழ்த்த படகுகள் போல இருட்டு முடிகிற மட்டும்.
உள்ளே தக்காளி விளைகிறதாம்.
தேஜொ.
நகரத்தின் மறுகோடி.
ஒரு யகரம் ஜகரமாய்ப் பிசகியதில்
இருபது கிலோமீட்டர்.

வண்டி ஓரமாய் நின்றது. குதிரையும்,
முன்னங்கால் இரண்டும் அந்தரத்தில்.

முகப்பில் இருந்த அட்டையை எழுத்துக்கூட்டினேன்:
பியொ கியொங்-ஏ.
படத்தில் அவர் சிரிக்கவில்லை, நேரிலும்தான்.
தேயொன், என்றேன்.
தேஜொ, என்றார்.
தேயொன்.
தேஜொ.
வைப்பர் இரண்டு பேர் பக்கமும்
சாய்ந்து சாய்ந்து பார்த்தது.

கைப்பேசியை எடுத்து அதன் காதில் ஏதோ சொன்னார்.
அது செய்தி வாசிப்பவர் குரலில்,
என் மொழியில்,
இந்த ஊரில் வாரக்கணக்கில் நான் கேட்டிராத என் மொழியில் சொன்னது:
"வாய் உங்களுடையது ஆகும்.
காது என்னுடையது ஆகும்.
ஆகவே பாதி."

இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு வொன்.
கால்குலேட்டரில் வகுத்துக் காட்டினார்.
பதினொன்றாயிரத்து எழுநூற்று ஐம்பது.
பன்னிரண்டாயிரம் நீட்டி, இருக்கட்டும் என்று கையசைத்தேன்.
இருக்காதாம்.
இருநூறு கிடைத்தது. ஐம்பது கிடைக்கவில்லை.
இருக்கைக்கு அடியில் துழாவி
ஒரு தக்காளியைத் தந்தார்,
பாதி பச்சை, பாதி சிவப்பு.
கணக்கு முடிந்தது.

வேலை நேரம் முடிந்தது, வீடு இங்கேதான்
என்றது கைப்பேசி.
எதிர்ப்பக்க நிறுத்தத்தைக் காட்டினார்.
கடைசிப் பேருந்து வரும்வரை
அவர் வண்டியின் முன்விளக்குகள் அணையவில்லை.
அக்கறையா,
நான் இன்னொரு டாக்ஸியில் ஏறி
இன்னொரு தப்பைச் சொல்லிவிடக் கூடாதென்றா,
தெரியாது.

அட்டையைத் தொட்டேன். பொறி நன்றி சொன்னது.
இந்த ஊர்ப் பேருந்துகள்
நாம் உட்காரும்வரை பொறுக்காது.
முதல் உறுமலில் கம்பியைப் பிடித்தேன்,
தக்காளியை விட்டேன்.

அது போனது:
வேலை முடிந்து தூங்கும் சீருடைக் கால்களுக்கிடையே,
கர்ப்பிணிகளுக்கான இளஞ்சிவப்பு இருக்கையைத் தாண்டி,
பிரேக் போட்டதும் முன்னால்,
விட்டதும் பின்னால்.
கடைசி வரிசையில் ஒரு பள்ளிப் பையன்
வலது ஷூவால் மெல்ல அணைத்து நிறுத்தினான்,
கோல்கீப்பர் இல்லாத கோல் முன் நிற்பவனைப் போல.
பிறகு எடுத்து
முன்னால் இருந்தவரிடம் கொடுத்தான். அவர் முன்னால்.
காதில் பாட்டு மாட்டிய பெண் கண் திறக்காமலே வாங்கி
என் உள்ளங்கையில் வைத்தாள்.

எங்கே இறங்கணும் என்று ஓட்டுநர்
கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.
அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த முறை வாயைத் திறக்கவில்லை.
ஈரம் படிந்த சன்னலில்
விரலால் எழுதினேன்.