முனிரத்தினத்தின் சாவி

பின்லாந்திலிருந்து ஐனோ எழுதியிருக்கிறாள்.
ஏழாயிரம் பேரின் கமிட்டுகளை
நாள்வாரியாக, மணிவாரியாக அடுக்கிப் பார்த்தாளாம்.
பலர் ஞாயிறு ஏறித் திங்கள் இறங்குகிறார்கள்.
நான் மட்டும்
ஒன்பது நாளைக்கு ஒருமுறை
இரவு இரண்டேகால் முதல் நாலு வரை,
மூன்று வருடமாக.
"ஜெயப்ரதா, இது என்ன முறை?
ஏதாவது தியானமா?"

ஐனோ,
சலவன்பேட்டையில் எங்கள் தெருவுக்கு
ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர்.
திறந்துவிடுகிறவர் முனிரத்தினம்.
முதலில் குழாய் இருமும். பிறகு வெறும் காற்று.
பிறகு துருநிறத்தில் ஒரு குடம், அது செடிக்கு.
பகலெல்லாம் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
சம்பளப் பட்டியல் போடுகிறவள் நான்.
ஒரு டிரம் நிரம்ப இருபத்திரண்டு நிமிடம்.
கவிழ்த்த அண்டாவின் மேல் லேப்டாப்.
ஒரு டிரம், ஒரு பிழை.
குடங்களுக்குச் சில்லறை வேலை:
விட்டுப்போன காற்புள்ளி,
லிஸ்பனிலிருந்து வந்த திருத்தத்துக்கு ஒரு நன்றி.

என் நிரல் பெரிதாக ஒன்றும் செய்யாது.
திரையின் ஓரத்தில் தமிழ்ச் சொல் இடித்தால்
எங்கே உடைத்துக் கீழே இறக்கலாம் என்று சொல்லும்.
கொம்பு ஒரு வரியிலும் எழுத்து மறு வரியிலும்
பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்.
எத்தனை போன்களில் ஓடுகிறதோ, எனக்குத் தெரியாது.
முனிரத்தினத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.
ஆனாலும் வெளியீட்டுத் தேதிகளைக் குறித்தது
அவர் தோளில் சாய்த்துவரும் அந்த இரும்புச் சாவிதான்.
மகளுக்குச் சீமந்தம் என்று அவர் ஆரணி போனபோது
2.4 மூன்று நாள் தள்ளிப்போனது.

உன் படிவத்தில் கேட்டிருந்தாய்:
உங்களை உழைக்கத் தூண்டுவது எது?
ஆர்வம், புகழ், வேலைவாய்ப்பு, சமூகம்.
கடைசியில் 'மற்றவை' என்று ஒரு பெட்டி.
'தண்ணீர்' என்று டைப் செய்தேன்.
செல்லாத எழுத்து என்றது.

தை மாதம் வீட்டு ஓனர் போர் போட்டார்.
எண்ணூற்று நாற்பது அடி. உப்புதான்,
ஆனால் பட்டனை அமுக்கினால் வருகிறது.
அன்றிலிருந்து என் பச்சைக் கட்டங்கள் வெளுத்துப்போயின.
"இந்த ப்ராஜெக்ட் உயிரோடு இருக்கிறதா?"
சாவோ பாவ்லோவிலிருந்து ஒருவன் கேட்டிருக்கிறான்.
பதினோரு பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள்.

இருக்கிறது தம்பி. தூங்குகிறது.

நேற்று இரண்டேகாலுக்குத் தானாகவே விழிப்பு வந்தது.
தெருக்குழாய் இருமியது.
எதிர்வீட்டு நசீமா குடத்தை இழுக்கிற சத்தம்.
திறந்து கிடக்கும் பிழைகள் நாற்பத்தொன்று.
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.
புரண்டு படுத்தேன்.